ரங்கூனில் ஒரு சி வகுப்பு: ஆறு மாதம் படித்துவிட்டு எழுதுகிறேன்

48 வோல்ட் பேட்டரியை மாட்டியதும் திரையில் கழித்தல் 17536 என்று வந்தது. அதே போர்டு, நான் எழுதிய அதே புரோகிராம், 12 வோல்ட்டுக்கு 12000 மில்லிவோல்ட் என்று ஒழுங்காகக் காட்டியது. 24 வோல்ட்டுக்கும் சரியாகவே காட்டியது. 48-க்கு மட்டும் இப்படி. வயரை மாற்றினேன், ரெசிஸ்டரை மாற்றினேன், கடைசியில் சிப்பையே கழற்றிப் புதிது போட்டேன். மூன்று ராத்திரி போயிற்று. எண் மாறவில்லை.

நான் இங்கே இன்வெர்ட்டரும் பேட்டரியும் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறேன். கரண்ட் போய்ப்போய் வரும் ஊரில் எங்களுக்கு ஓய்வு கிடையாது. போர்டைப் பழுது பார்ப்பதோடு நிற்காமல், பேட்டரி அளவைக் காட்டும் சின்ன மீட்டரை நாமே செய்து விற்கலாமே என்று யூடியூப் பார்த்து சி என்ற புரோகிராம் மொழியைக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேன் என்றுதான் அப்போது நினைத்தேன். புரோகிராம் ஓடியது, விளக்கு எரிந்தது, எண் தெரிந்தது. அதற்குமேல் என்ன வேண்டும்?

அனோரத்தா சாலைக் காளி கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பார்க்கும் ஒரு பெரியவர்தான் சொன்னார்: நடந்து போகும் தூரத்தில் ஒரு அக்கா வீட்டிலேயே சி சொல்லிக்கொடுக்கிறார், நீ போய்க் கேளேன் என்று. பெயரும் தெருவும் எழுதவேண்டாம் என்று அக்கா கேட்டுக்கொண்டதால் இங்கே போடவில்லை. பர்மியப் பிள்ளைகள் அவரை சயாமா என்பார்கள், தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவர் அக்கா. ஐம்பது வயதைத் தாண்டியவர். வெளிநாட்டில் பல வருஷம் புரோகிராம் எழுதிவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் திரும்பி வந்தவர்.

முதல் நாள் என் புரோகிராமை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனேன். கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லை. தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“தம்பி, இன்ட் எத்தனை பைட்டு?”

“நாலுங்க அக்கா.”

“எந்த மெஷின்ல நாலு?”

இன்ட் என்பது சியில் முழு எண்ணை வைக்கும் பெட்டி, பைட் என்பது மெமரியை அளக்கும் அலகு. எனக்குப் பதில் தெரியவில்லை. அவரே பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டார். நான் வைத்திருந்தது 8-பிட் ஏவிஆர் சிப். நாம் எழுதுவதை அதற்குப் புரியும்படி மாற்றும் கம்பைலரில் இன்ட் என்பது இரண்டே பைட். அதில் அடங்கும் மிகப்பெரிய எண் 32767. 12 ஆயிரத்துக்கு இடம் உண்டு, 24 ஆயிரத்துக்கும் உண்டு, 48 ஆயிரத்துக்கு இல்லை. இரண்டு பைட்டில் மொத்தம் 65536 எண்களுக்குத்தான் இடம், வழிந்தால் அந்த அளவு சுற்றிப் பின்னால் போகும். 48000-லிருந்து 65536-ஐக் கழித்தால் கழித்தல் 17536. திரையில் நான் மூன்று ராத்திரி பார்த்த எண் தாளில் வந்து நின்றது. அப்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“இந்த எண்ணாவது வந்துச்சே, அதுக்குச் சந்தோஷப்படு. கழித்தல் குறியும் ஏத்துக்கிற எண் நிரம்பி வழிஞ்சா என்ன ஆகும்னு சி எந்த வாக்கும் கொடுக்கல. நாளைக்கு வேற கம்பைலர்ல வேற எதுவும் வரலாம், சரியான மாதிரியே ஒண்ணு வந்துட்டும் போகலாம்.”

விடையை இன்ட்டைவிடப் பெரிய லாங் வேரியபிளில் போட்டால் தீர்ந்துவிடாதா என்று கேட்டேன். தீராது. வோல்ட்டை மில்லிவோல்ட் ஆக்கப் பெருக்கும்போது இரண்டு பக்கமும் இன்ட்டாக இருந்தால் பெருக்கல் இன்ட்டிலேயே நடக்கும். வழிந்த பிறகுதான் அது பெரிய பாத்திரத்துக்கு வரும். பெருக்குவதற்கு முன்பே ஒரு பக்கத்தை லாங் ஆக்க வேண்டும். அன்றைக்கே ஆறு மாதத்துக்குச் சேர்ந்தேன். மாதம் 70,000 கியாட்.

இனி வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். நான்காவது மாடி, லிஃப்ட் இல்லை, படி செங்குத்து. முட்டி வலி உள்ளவர்களுக்கு இது பெரிய தடை. என்னோடு சேர்ந்த ஒரு அண்ணன் இதனாலேயே இரண்டாம் மாதம் நின்றுவிட்டார். பன்னிரண்டு பேருக்கு ஐந்து பழைய லேப்டாப். லேப்டாப் கிடைக்காத பிள்ளைகள் கைப்பேசியில் டெர்மக்ஸ் என்ற ஆப் போட்டு எழுதுவார்கள். கரண்ட் இருந்தால் திரை, இல்லாவிட்டால் கட்டம் போட்ட நோட்டு. இன்வெர்ட்டர் உண்டு, ஆனால் அதில் ஓடுவது ஒரு விளக்கும் ஒரு காற்றாடியும்தான். மெஷினை அதில் மாட்ட அக்கா விடமாட்டார்.

இடைஞ்சலாகத் தெரியும் இந்த நோட்டுதான் இந்த வகுப்பின் பெரிய பலம் என்பது என் அனுபவம். ஒவ்வொரு வேரியபிளுக்கும் ஒரு பெட்டி வரைய வேண்டும். அரே, அதாவது வரிசையாக ஒட்டிய பெட்டிகள், என்றால் ஒரு கட்டத்துக்கு ஒரு பைட். ஃபங்ஷனுக்குள் மதிப்புக் கொடுக்காத பெட்டியைக் காலியாக விடக்கூடாது, கேள்விக்குறி போட வேண்டும், ஏனென்றால் அதில் பூஜ்யம்தான் இருக்கும் என்று நம்ப முடியாது, முன்பு யாரோ விட்டுப்போன ஏதோ ஒன்று இருக்கலாம். இன்னொரு பெட்டியின் இடத்தைக் காட்டும் பாயிண்டர் என்றால் சிவப்பு அம்பு. மலாக் செய்து, அதாவது மெமரியைக் கேட்டு, வாங்கிய பெட்டியின் தலையில், அதை ஃப்ரீ செய்யப்போகும், அதாவது திருப்பிக் கொடுக்கப்போகும், ஃபங்ஷனின் பெயரை முதலிலேயே எழுத வேண்டும். ஃப்ரீ செய்ததும் பெட்டியை அடித்துவிடலாம், ஆனால் அம்பு அப்படியே நிற்கும். அடித்த பெட்டியைக் காட்டிக்கொண்டு நிற்கும் அந்தச் சிவப்பு அம்பு கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். அதை எதையும் காட்டாத ‘நல்’ (NULL) ஆக்கினால்தான் மனம் அடங்கும். இதை எந்த வீடியோவிலும் நான் இப்படிப் பார்த்ததில்லை.

மூன்றாம் மாதம் கொடுத்த பயிற்சியைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த வகுப்பு என்ன தருகிறது என்பது அதில்தான் எனக்கு விளங்கியது. கோயில் அர்ச்சனைச் சீட்டு. தொகையை வாங்கு, பெயரை வாங்கு, சீட்டை அச்சிடு. பல பெட்டிகளை ஒன்றாகக் கட்டும் ஒரு ஸ்ட்ரக்ட், அதில் பெயருக்கு 20 சார் (ஒரு பைட் பெட்டி) கொண்ட அரே, அதை அடுத்துத் தொகைக்கு ஒரு இன்ட். முதலில் தொகையைக் கேட்டு, பிறகு தட்டச்சு செய்வதை வாங்கும் ஸ்கேன்எஃப் ஃபங்ஷனை வைத்துப் பெயரைப் படித்தோம். ஆங்கிலத்தில் பெயர் போட்டால் ஓடியது. தமிழில் வள்ளி என்று போட்டோம், ஓடியது. கந்தன், செல்வி, எல்லாம் சரி. கம்பைலரில் எல்லா வார்னிங்கையும் திறந்துவைத்திருந்தோம், ஒன்றுகூட வரவில்லை. முடிந்தது என்று எழுந்தோம்.

“முருகன்னு போடுங்க” என்றார் அக்கா.

தொகை 5000, பெயர் முருகன். சீட்டில் வந்தது: முருகன், 141 கியாட்.

பெயர் ஒழுங்காக இருக்கிறது, காசு போய்விட்டது. புரோகிராம் நிற்கவும் இல்லை, அழவும் இல்லை. நோட்டை எடுக்கச் சொன்னார். எழுத்துகளைப் பைட்டாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். உயிர்மெய்யின் காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். ம, உகரக் குறி, ர, உகரக் குறி, க, ன, புள்ளி. ஆக ஏழு குறி, 21 பைட். கடைசியில் ஸ்ட்ரிங்கை, அதாவது எழுத்துத் தொடரை, முடிக்கும் பூஜ்யத்தோடு 22. பெட்டி இருப்பதோ 20. கட்டம் கட்டமாக நிரப்பினோம். புள்ளியின் மூன்றாவது பைட்டும் முடிக்கும் பூஜ்யமும் பக்கத்துப் பெட்டியில், அதாவது தொகையின் முதல் இரண்டு பைட்டில் போய் விழுந்தன. புள்ளியின் அந்தப் பைட்டின் மதிப்பு 141. எங்கள் மெஷினில் எண்ணின் சின்னப் பைட் முதலில் வரும் என்பதால் 5000 அழிந்து சுத்தமாக 141 ஆகிவிட்டது. மீனாட்சி என்று போட்டுப் பார்த்தோம். எட்டுக் குறி, 24 பைட், தொகை முழுவதையும் மூடிவிட்டது. கழித்தல் 107 கோடிச் சொச்சம் வந்தது.

பிறகு அட்ரஸ் சானிடைசர் என்ற கருவியைப் போட்டு ஓட்டச் சொன்னார். ஜிசிசி கம்பைலரிலேயே இருப்பது, மெமரியில் எல்லை தாண்டினால் அந்த இடத்திலேயே நிறுத்திக் கத்தும். மீனாட்சிக்குக் கத்தியது, ஏனென்றால் 25-ஆவது பைட் ஸ்ட்ரக்ட்டைத் தாண்டி வெளியே விழுந்தது. முருகனுக்கு வாயே திறக்கவில்லை. வழிந்தது அதே ஸ்ட்ரக்ட்டுக்குள்ளேயே என்பதால் அதற்குத் தெரியவில்லை. வார்னிங் சொல்லவில்லை, சானிடைசர் சொல்லவில்லை, புரோகிராம் ஓடியது, விடை தப்பு. பெட்டி வரைந்து எண்ணியவருக்கு மட்டும்தான் தெரியும். அன்று வகுப்பில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

திருத்துவதிலும் சும்மா விடவில்லை. ஸ்கேன்எஃப்புக்கு 19 என்று எல்லை வைத்தேன். வழியவில்லை, ஆனால் கடைசிப் புள்ளி நடுவில் வெட்டுப்பட்டு, ‘முருகன’ என்பதை அடுத்துக் கறுப்புக் கட்டத்தில் ஒரு கேள்விக்குறி வந்தது. ஒரு தங்கச்சி, ஸ்ட்ரிங்கை நகலெடுக்கும் ஸ்ட்ர்என்காப்பி போட்டாள். அது இன்னும் ஆபத்து, இடம் போதாவிட்டால் முடிக்கும் பூஜ்யத்தைப் போடாமலே விட்டுவிடும். கடைசியில் பெட்டியைப் பெரிதாக்கி, எஃப்கெட்ஸால் வரி முழுவதையும் வாங்கி, வரி முடியாவிட்டால் ‘பெயர் நீளம், திரும்பப் போடுங்கள்’ என்று கேட்கும்படி எழுதினோம். பெயரை வெட்டி அச்சிடுவதைவிடத் திருப்பிக் கேட்பது மேல் என்று அக்கா சொன்னார். அர்ச்சனைச் சீட்டில் பெயர் குறைந்தால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

சில பாடங்கள் இந்த ஊருக்கென்றே செய்தது போல இருந்தன. சி மொழியில் எண்ணின் முன்னால் பூஜ்யம் போட்டால் அது எட்டின் அடிப்படையில் எழுதிய எண்ணாகிவிடும். வீசைக் கணக்கு விலைப்பட்டியலை அழகாக வரிசைப்படுத்த 050, 075, 100 என்று எழுதிய ஒரு பையனுக்கு 40, 61, 100 என்று வந்தது. 09 என்று தொடங்கும் நம் கைப்பேசி எண்ணை அப்படியே எண்ணாக எழுதினால் கம்பைலர் ஏற்காது, எட்டின் கணக்கில் 9 என்ற இலக்கமே இல்லை. எண்ணாக இருந்தாலும் கூட்டிக் கழிக்காததை ஸ்ட்ரிங்கில் வை என்ற பழக்கம் அன்றைக்கு ஒட்டியது.

இன்னொன்று, கைப்பேசியில் எழுதும் ஒரு பர்மியப் பெண்ணுக்கு நடந்தது. ஒவ்வொரு பைட்டாகப் படிக்கும் கெட்சார் ஃபங்ஷன் கொடுப்பதைச் சார் வேரியபிளில் வாங்கி, கோப்பு முடியும்வரை லூப் ஓட்டியிருந்தாள். லேப்டாப்பில் முடிந்தது, அவள் கைப்பேசியில் முடியவே இல்லை, போன் சுட்டது. லேப்டாப்பின் சார் கழித்தல் எண்ணை வைத்துக்கொள்ளும். ஏஆர்எம் சிப் உள்ள அந்தப் போனில் சாருக்குக் கழித்தலே கிடையாது, ஆகவே முடிவைக் குறிக்கும் கழித்தல் 1 அங்கே 255 ஆகிவிடும், லூப் நிற்காது. சாருக்குக் குறி உண்டா இல்லையா என்பதை மொழியின் தரவிதி கம்பைலர் செய்பவரிடமே விட்டுவிட்டது, எனவே இரண்டு மெஷினும் சரி. கெட்சார் தருவது இன்ட், வாங்கும் வேரியபிளும் இன்ட்டாக இருக்க வேண்டும். அந்தப் பெண் அதை மூன்று மொழியில் நோட்டில் எழுதிவைத்தாள்.

வார்னிங் விஷயத்தில் அக்கா பிடிவாதம். வார்னிங் ஒன்று நின்றாலும் புரோகிராமைப் பார்க்கமாட்டார். ஒவ்வொரு வார்னிங்கையும் நோட்டில் எழுதி, அதன் கீழே நம் சொந்தச் சொல்லில் காரணம் எழுத வேண்டும். இஃப் உள்ளே இரட்டைச் சமக்குறிக்குப் பதில் ஒற்றையைப் போட்டது, ஸ்விட்ச்சில் பிரேக் மறந்தது, எல்லாம் என் நோட்டில் தேதியோடு இருக்கின்றன. ஒரே வரியானாலும் இஃப்புக்கு நெளிவு அடைப்பு போட வேண்டும் என்பதில் எனக்கு ஆரம்பத்தில் எரிச்சல்தான். 2014-இல் ஆப்பிள் கருவிகளில் வந்த பாதுகாப்புப் பிழையைக் காட்டினார். அடைப்பில்லாத இஃப்புக்குக் கீழே, வேறு இடத்துக்குத் தாவச் சொல்லும் கோடூ (goto) வரி இரண்டு முறை விழுந்துவிட்டது, இரண்டாவது வரி எந்த நிபந்தனையும் இல்லாமல் ஓடி, டிஜிட்டல் கையெழுத்துச் சோதனையையே தாண்டிப்போனது. 1990 ஜனவரி 15-இல் அமெரிக்காவில் ஏடி அண்ட் டி தொலைபேசி வலை ஒன்பது மணி நேரம் தடுமாறியதற்கும் இடம் மாறி விழுந்த ஒரு பிரேக்தான் காரணம். ஒரு வரியைப் படிக்கும் கெட்ஸ் ஃபங்ஷன் கதையும் அப்படியே. எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்கவே கேட்காத அதன் வழியாகவும் 1988-இல் மாரிஸ் புழு என்ற, தானே பரவும் புரோகிராம் பல கம்ப்யூட்டர்களுக்குள் நுழைந்தது, 2011-இல்தான் தரவிதியிலிருந்து அதை எடுத்தார்கள். இந்தக் கதைகளைப் பயமுறுத்தச் சொல்கிறார் என்று ஆரம்பத்தில் நினைத்தேன். இல்லை. எழுதியவர்கள் எல்லாரும் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள் என்பதை எங்களுக்குக் காட்டத்தான்.

குறைகளையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் இந்த மதிப்புரையை நம்பிச் சேர்பவர்களுக்கு நான் துரோகம் செய்தவனாவேன். பாயிண்டருக்கு ஆறு வாரம் கொடுத்துவிட்டு, கோப்புக் கையாளுதலை இரண்டே நாளில் முடித்தார். ஃபங்ஷன் பாயிண்டர் ஒரே மாலை, எனக்கு இன்னும் தடுமாற்றம்தான். பெரிய புரோகிராமைப் பல கோப்பாகப் பிரித்துக் கட்டும் மேக் கருவி கடைசி வாரத்தில்தான் வந்தது, அது மூன்றாம் மாதமே வந்திருக்க வேண்டும். என்னைப்போல் சிப்புக்கு எழுத வருபவர்களுக்கு வேண்டிய வாலட்டைல், இன்டரப்ட் இரண்டும் பாடத்திலேயே இல்லை. கேட்டால் தனியாக உட்கார்ந்து விளக்குகிறார், ஆனால் கேட்கத் தெரிந்திருக்க வேண்டுமே. ஒரு விஷயத்தைத் தமிழில் சொல்லி, அதையே பர்மிய மொழியில் சொல்வதால் வகுப்பு நீளும். இரண்டும் தெரிந்த எங்களுக்கு அது சலிப்பாக இருக்கலாம், எனக்கு இரண்டாம் முறை கேட்பது உதவியது. சான்றிதழ் கொடுப்பதில்லை. வேலைக்குக் காட்டத் தாள் வேண்டும் என்பவர்கள் வேறு இடம் பார்க்கவேண்டும்.

கரண்ட் நேரம் மாறினால் வகுப்பு நேரமும் மாறும். தூரத்திலிருந்து பஸ்ஸில் வருபவர்களுக்கு இது கஷ்டம். வேலை முடிந்து ஏழு மணிக்குமேல் வருபவர்களுக்காக வாரம் ஒருநாள் தனி வகுப்பு வைத்தால் நன்றாக இருக்கும் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். இணையம் இல்லாத நாளில் அவர் சொல்லிக்கொடுத்த மேன் பக்கங்கள் கைகொடுத்தன. லேப்டாப்பிலேயே இருக்கும் அந்த உதவிக் குறிப்பில், ஒவ்வொரு ஃபங்ஷனும் தோற்றால் என்ன திருப்பித் தரும் என்ற பகுதியை முதலில் படி என்பார். இப்போது மலாக்கோ எஃப்ஓப்பனோ எழுதினால் என் கை தானாக அடுத்த வரியில் சோதனை எழுதுகிறது.

மீட்டர் இப்போது விற்பனைக்கு வந்துவிட்டது. 48 வோல்ட்டுக்கு 48000 காட்டுகிறது. கொடுப்பதற்கு முன், 60 வோல்ட், 72 வோல்ட் என்று பெட்டி வரைந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். முதலாளி எண் சரியாக வருதுல்ல, கொடுத்திரு என்றார். ஒருநாள் பொறுங்கண்ணே என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வகுப்பு தீபாவளி கழிந்து தொடங்குகிறது. கோயிலில் ஞாயிற்றுக்கிழமை விசாரித்தால் வழி சொல்வார்கள். தெருவில் நின்று நான்காம் மாடியிலிருந்து தொங்கும் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும், அக்கா எட்டிப் பார்ப்பார். கட்டம் போட்ட நோட்டும் சிவப்புப் பேனாவும் கொண்டு போங்கள். பென்சில் வேண்டாம். தப்பாகப் போட்ட அம்பை அழிக்க அவர் விடமாட்டார், அடித்துவிட்டுப் பக்கத்தில் புதிதாக வரையச் சொல்வார்.